பட்டறைப் பதில்கள்: பனி கொட்டும் ஊரில் ஃபர்னஸ் படுத்துக்கொண்டால்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உட்கார்ந்துகொண்டு வீட்டைச் சூடாக்குவதைப் பற்றி எழுதினால் ஆள் சிரிப்பான் என்று தெரியும். மத்தியானம் இரண்டு மணிக்குப் பட்டறையின் தகரக் கூரைக்குக் கீழே நின்றால் மண்டை வேகுகிறது. ஆனால் டிசம்பர் பிறந்துவிட்டால் இந்தப் பக்கத்துக்கு வருகிற கேள்விகளில் ஏர்கோனும் வாஷிங் மெஷினும் பின்னால் போய்விடுகின்றன. பால்மரம் சீவிப் படிக்கவைத்த பிள்ளைகள் இப்போது கனடாவில் வினிப்பெக், எட்மன்டன், டொரோண்டோ, இங்கிலாந்தில் லீட்ஸ் என்று குடியேறியிருக்கிறார்கள், அங்கே வீட்டில் சூடு நின்றால் இங்கே அம்மாவுக்குத் தூக்கம் போய்விடுகிறது. நான் எண்ணெய் ஆலை பாய்லரில் தொழில் ஆரம்பித்து, அப்புறம் கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்தில் வீட்டைச் சூடாக்குகிற மெஷினான ஃபர்னஸ் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவன் என்பதால், இந்த மாதம் பக்கம் முழுவதும் அதற்கே.

*

கேள்வி: அண்ணே, என் மருமகன் வினிப்பெக்கில் இருக்கிறார். ஃபர்னஸ் தானாக ஆரம்பிக்கிறது, உள்ளே நெருப்பும் பிடிக்கிறது, நாலைந்து விநாடியில் அணைந்துவிடுகிறது. மூன்று முறை இப்படிச் செய்துவிட்டு அப்படியே படுத்துக்கொள்கிறது. வெளியே மைனஸ் 28 என்கிறார். டெக்னிஷியன் நாளை மறுநாள்தான் வருவாராம், வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். அவரே ஏதாவது செய்ய முடியுமா?
– ஒரு மாமியார், சுங்கை சிப்புட்

பதில்: முடியும் அக்கா. நீங்கள் எழுதியிருக்கிற விதத்திலேயே பாதி விடை இருக்கிறது. "ஃபர்னஸ் ஓடவில்லை" என்று மட்டும் எழுதுகிறவர்களுக்குத்தான் நான் பதில் சொல்ல முடியாமல் முழிக்கிறேன்.

கேஸ் ஃபர்னஸ் ஒரு வரிசைப்படி வேலை செய்யும். வீடு குளிர்ந்ததும் சுவரில் இருக்கிற தெர்மோஸ்டாட் "சூடு வேண்டும்" என்று 24 வோல்ட் மின்சாரத்தில் ஒரு சைகை கொடுக்கும். உடனே நெருப்பு வராது. முதலில் ஒரு சின்ன விசிறி ஓடி உள்ளே தங்கியிருக்கிற பழைய புகையையெல்லாம் வெளியே இழுக்கும். நம் ஆலைப் பாய்லரில் புகையை இழுக்கிற ஐடி ஃபேன் ஓடாமல் நெருப்பு போடமாட்டோம் அல்லவா, அதே கணக்கு. அந்த விசிறி ஒழுங்காக இழுக்கிறதா என்று பிரஷர் சுவிட்ச் பார்த்துச் சரி சொன்ன பிறகு நெருப்பு மூட்டுகிற இக்னைட்டர் சிவந்து பழுக்கும், அப்புறம் கேஸ் வால்வு திறக்கும், நெருப்பு பிடிக்கும். பிடித்த நெருப்பு உண்மையிலேயே இருக்கிறதா என்று ஃபிளேம் சென்சர் என்கிற ஒரு மெல்லிய கம்பி பார்க்கும். அதற்கும் பிறகுதான் புளோவர் என்கிற பெரிய விசிறி ஓடி வெந்நீர் மாதிரி கதகதப்பான காற்றை அறைகளுக்கு அனுப்பும்.

உங்கள் மருமகன் வீட்டில் நெருப்பு பிடிக்கிறது, ஆனால் அணைகிறது. அதாவது விசிறி சரி, இக்னைட்டர் சரி, கேஸும் வருகிறது. நெருப்பு இருக்கிறது என்பது மட்டும் கன்ட்ரோல் போர்டுக்குத் தெரியவில்லை. நெருப்பு இல்லாமல் கேஸ் மட்டும் வருகிறதோ என்று பயந்து வால்வை மூடிவிடுகிறது. பெரும்பாலும் மூன்று தடவை முயன்று பார்த்துவிட்டுப் பூட்டிக்கொள்ளும், பல மாடல்களில் ஒரு மணி நேரம் கழித்து மறுபடி முயலும். குற்றவாளி பத்தில் எட்டு இடத்தில் அந்தச் சென்சர் கம்பிதான் என்பது என் அனுபவம். நெருப்பு வழியாகப் போகிற மின்சாரம் மைக்ரோ ஆம்ப் கணக்கில் மிகச் சொற்பம். கம்பியின் மேல் வெள்ளையாக ஒரு பூச்சு படிந்துவிட்டால் அந்தச் சொற்பமும் போகாது.

செய்ய வேண்டியது இதுதான். ஃபர்னஸுக்குப் பக்கத்துச் சுவரில் இருக்கிற சுவிட்சை அணைக்கச் சொல்லுங்கள், கேஸ் குழாயில் இருக்கிற கைப்பிடியையும் குறுக்காகத் திருப்பி மூடட்டும். மேல் கதவைக் கழற்றினால் பர்னர்கள் வரிசையாகத் தெரியும். ஒரு முனையில் இக்னைட்டர் இருக்கும், சாம்பல் நிறத்தில், தட்டையாகவோ சுருளாகவோ. அதில் கை படவே கூடாது, விரலில் இருக்கிற எண்ணெய்ப் பசை பட்டாலே அடுத்த சூட்டில் விரிசல் விடக்கூடிய சாமான் அது. பெரும்பாலும் மறுமுனையில், வெள்ளைப் பீங்கான் கழுத்தோடு ஒரே ஒரு ஒயர் மாட்டியிருக்கிற பென்சில் ரீஃபில் அளவுக் கம்பிதான் நமக்கு வேண்டியது. ஒயரை உருவி, ஒற்றைத் திருகாணியைக் கழற்றி வெளியே எடுக்கலாம். சோப்பு தடவாத மெல்லிய கம்பி நாரால் பளபளவென்று வரும்வரை லேசாகத் தேய்த்து, துணியால் துடைத்து, போன மாதிரியே மாட்டட்டும். சொரசொரப்பான சேண்ட்பேப்பர் வேண்டாம், கீறல் விழுந்தால் அழுக்கு இன்னும் சீக்கிரம் பிடிக்கும். பீங்கானில் விரிசல் தெரிந்தால் சுத்தம் செய்து பிரயோசனமில்லை, புதுக் கம்பி போட வேண்டும்.

கதவை மாட்டும்போது அழுத்தி மாட்டச் சொல்லுங்கள். கீழ்க் கதவுக்குப் பின்னால் ஒரு சின்ன பட்டன் சுவிட்ச் இருக்கும், கதவு சரியாக உட்காராவிட்டால் ஃபர்னஸ் மூச்சே விடாது. வேலை செய்துவிட்டு "முன்னைவிட மோசமாகிவிட்டது, இப்போது சத்தமே இல்லை" என்று போன் செய்கிறவர்கள் எல்லாம் இந்தப் பட்டனில் மாட்டினவர்கள்தான்.

இடையில் பிள்ளைகளுக்குக் குளிராமல் இருக்க எல்லோரும் ஒரே அறையில் படுக்கட்டும். மின்சார ஹீட்டர் வாங்கினால் நேராகச் சுவர்ப் பிளக்கில் மாட்ட வேண்டும், எக்ஸ்டென்ஷன் ஒயர் கூடாது. அங்கே மின்சாரம் 120 வோல்ட், ஆகவே ஒரு 1500 வாட் ஹீட்டரே பன்னிரண்டரை ஆம்ப் இழுக்கும். சாதாரண அறை சர்க்கிட் 15 ஆம்ப்தான், அதில் இரண்டு ஹீட்டர் மாட்டினால் ஃபியூஸ் பெட்டியில் டப்பென்று விழும். கேஸ் அடுப்பின் ஓவனைத் திறந்து வைத்துக் குளிர்காய்வது மட்டும் வேண்டவே வேண்டாம்.

*

கேள்வி: ஐயா, தை மாதம் மகளுக்குப் பிரசவம். பத்தியம் பார்க்க எட்மன்டன் போகிறேன். நான் கேமரன் மலையைத் தாண்டிக் குளிர் பார்த்ததில்லை. அந்தச் சூடு மெஷினை நான் ஏதாவது செய்து கெடுத்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?
– தோட்டத்து அம்மா, பாடாங் செராய்

பதில்: அம்மா, நல்ல கேள்வி. மருமகன்களுக்கு இந்தக் கேள்வி வருவதேயில்லை. எட்மன்டனில் ஜனவரி மாதம் சில நாள் மைனஸ் 30-க்கும் கீழே போகும், ஆனால் வீட்டுக்குள் 20, 21 பாகை வைத்திருப்பார்கள், நம் ஊர் வங்கிக்குள் நுழைந்த மாதிரிதான் இருக்கும். கம்பளி மூன்று அடுக்கு வேண்டியதில்லை.

நீங்கள் கெடுக்கக்கூடிய முதல் வழி நம் நல்ல பழக்கம்தான்: வெளியே கிளம்பும்போது கண்ணில் படுகிற சுவிட்சையெல்லாம் அணைப்பது. ஃபர்னஸுக்கும் விளக்குச் சுவிட்ச் மாதிரியே ஒன்று இருக்கும், பேஸ்மென்ட் படிக்கட்டுக்குப் பக்கத்திலோ ஃபர்னஸ் பக்கத்திலோ, சில வீடுகளில் சிவப்புத் தகடு போட்டு. அதைத் தட்டிவிட்டால் சத்தமில்லாமல் வீடு குளிரத் தொடங்கும், ராத்திரிதான் தெரியும். போன முதல் நாளே மகளிடம் அது எது என்று காட்டச் சொல்லி, மேலே ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுங்கள்.

இரண்டாவது, தரையில் நீளமாகக் கம்பி ஜாலி போட்ட துவாரங்கள் இருக்கும், அதிலிருந்து சூடான காற்று வரும். குழந்தைத் துணியும் உங்கள் கைலியும் காய்வதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது என்று தோன்றும். தோன்றினாலும் மேலே போர்த்தாதீர்கள். அறை ரொம்பச் சூடாக இருக்கிறது என்று நாலைந்து துவாரத்தை மூடுவதும் அப்படித்தான். காற்று போக வழியில்லாமல் உள்ளே சூடு ஏறும், லிமிட் சுவிட்ச் நெருப்பை நிறுத்திவிடும். சுவரில் பெரிய ஜாலி ஒன்று இருக்கும், அது காற்று திரும்பிப் போகிற வழி, அதற்கு முன்னால் உங்கள் 23 கிலோ பெட்டியை நிறுத்த வேண்டாம். தெர்மோஸ்டாட்டைச் சீக்கிரம் சூடாகட்டும் என்று 28-க்கு ஏற்றுவதும் வீண். சாதாரண ஃபர்னஸ் அதே வேகத்தில்தான் சூடாக்கும், நிறுத்த மறந்து பிள்ளைக்கு வேர்க்குரு வரும்.

மூன்றாவதைத்தான் அழுத்திச் சொல்ல வேண்டும். குழந்தையைக் குளிப்பாட்டியதும் தலை காயச் சாம்பிராணி போடுவோம். இங்கே லயத்து வீட்டில் பலகை இடுக்கு வழியாகக் காற்று வரும் போகும். அந்த ஊர் வீடு குளிர் புகாதபடி இறுக மூடியது, ஜன்னலில் இரண்டு மூன்று அடுக்குக் கண்ணாடி. கரி நெருப்பு என்றால் கார்பன் மோனாக்சைடு வரும், அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, சாம்பிராணி வாசத்தில் ஒன்றும் தெரியாது. பிறந்த குழந்தையும் பச்சை உடம்புக்காரியும் இருக்கிற மூடிய அறையில் கரி கூடவே கூடாது. அதுவும் தேவையே இல்லை, அந்த ஊர்க் குளிர்காலக் காற்று அவ்வளவு வறட்சி, துண்டால் துவட்டினாலே தலை தானாகக் காய்ந்துவிடும். உதடு வெடிக்கும், சிலருக்கு மூக்கில் இரத்தம் வரும், கம்பளத்தில் நடந்துவிட்டுக் கதவுப் பிடியைத் தொட்டால் சுரீரென்று ஷாக் அடிக்கும். அது ஃபர்னஸ் கோளாறு இல்லை. ஃபர்னஸோடு காற்றுக்கு ஈரம் சேர்க்கிற ஹியூமிடிஃபையர் மாட்டியிருந்தால் மகள் ஏற்றி வைப்பாள். ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம், கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கள்.

இஞ்சி, பூண்டு வதக்கும்போது அடுப்புக்கு மேலே இருக்கிற விசிறியைப் போட மறக்காதீர்கள்.

*

கேள்வி: மெஷின் ஓடுகிறது, காற்றும் வருகிறது, ஆனால் குளிர்காற்று. டொரோண்டோவிலிருந்து தம்பி கேட்கச் சொன்னான்.
– பள்ளி ஆசிரியை, கோலகங்சார்

பதில்: முதலில் தெர்மோஸ்டாட்டில் ஃபேன் "ஆன்" என்று இருக்கிறதா "ஆட்டோ" என்று இருக்கிறதா பார்க்கட்டும். ஆனில் இருந்தால் நெருப்பு இல்லாத நேரத்திலும் புளோவர் ஓடிக்கொண்டே இருக்கும், அதுதான் குளிர்காற்று. ஆட்டோவுக்கு மாற்றினால் தீர்ந்தது.

ஆட்டோவிலேயே இருந்தும் முதலில் கொஞ்ச நேரம் சூடாகவும் அப்புறம் குளிராகவும் வந்தால் ஃபில்டர் அடைத்திருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். ஒரு இஞ்ச் தடிமன் ஃபில்டரை மாதம் ஒருமுறை எடுத்துப் பார்த்து, ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்குள் மாற்றுவது வழக்கம். நாய், பூனை இருந்தால் சீக்கிரமே. நாலைந்து இஞ்ச் தடிமன் உள்ளவை ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் தாங்கும். அளவு ஃபில்டரின் ஓரத்திலேயே அச்சடித்திருக்கும், அம்புக்குறி ஃபர்னஸைப் பார்த்து இருக்க வேண்டும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து மறுபக்கம் தெரியாவிட்டால் மாற்ற வேண்டியதுதான். இன்னொன்று, கடையில் "இதுதான் உயர்ந்த ரகம்" என்று மெர்வ் 13 என்கிற மிக நெருக்கமான ரக ஃபில்டரைக் கொடுப்பார்கள். பழைய ஃபர்னஸில் ஒரு இஞ்ச் அளவில் அதைப் போட்டால் புதுசே அடைத்த மாதிரி ஆகிவிடும். சில வீட்டில் இதைக் கழற்றிப் போட்டுவிட்டு சாதாரணம் ஒன்றைச் சொருகியதுமே வீடு சூடாகியிருக்கிறது.

*

கேள்வி: நம் ஊர் வெயிலில் இந்தக் கேள்வி பதில் யாருக்கு வேண்டும்? சீலிங் ஃபேன் பற்றி எழுதுங்கள்.
– வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: எழுதுகிறேன். உங்கள் சீலிங் ஃபேன் நோஞ்சானாகச் சுற்றினால் மோட்டாரைச் சுற்றவைக்க உதவுகிற கெப்பாசிட்டர் வலுவிழந்திருக்கும், ஒரு சில ரிங்கிட் விலைச் சாமான். பழைய வகை ஃபர்னஸ் புளோவர் உறுமிக்கொண்டே சுற்றாமல் நின்றாலும் அதே சாமானைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ஆனால் அது மின்சாரத்தை அணைத்த பிறகும் உள்ளே சேர்த்து வைத்திருக்கும், தெரியாத கை தொட வேண்டாம். உங்கள் கேள்விக்கும் பதில் ஆச்சு.

*

கேள்வி: மிஸ்ஸிசாகாவில் ராத்திரி முழுக்கப் பனிப்புயல். காலையில் மகன் வீட்டு ஃபர்னஸ் நின்றுவிட்டது. கண்ணாடித் துவாரத்தில் ஒரு சின்ன விளக்கு மினுக்குகிறதாம். அவன் கூட்டாளி, பிரஷர் சுவிட்சின் இரண்டு ஒயரையும் ஒன்றாக முறுக்கிவிட்டால் ஓடும் என்று வாட்சாப்பில் சொல்லியிருக்கிறான். செய்யலாமா?
– ஓய்வு பெற்ற கிராணி, நிபோங் திபால்

பதில்: கூடாது, கூடாது, கூடவே கூடாது. அந்தக் கூட்டாளியின் நம்பரையும் முடிந்தால் அழித்துவிடச் சொல்லுங்கள்.

பாய்லரில் சேஃப்டி வால்வைக் கட்டிப்போட்டவனை ஆலைக்குள் யாரும் சேர்க்கமாட்டார்கள். இதுவும் அந்த ரகம். புகை வெளியே போகவில்லை என்று தெரிந்துதான் அந்தச் சுவிட்ச் நிறுத்தியிருக்கிறது. நேராக ஒயர் கொடுத்தால் ஃபர்னஸ் ஓடும், புகை எங்கே போகும்? ஒரு ஃபர்னஸ் நின்றால் முக்கால்வாசி நேரம் அது கெட்டுப்போகவில்லை, எதையோ கண்டு தானாக நின்றிருக்கிறது. எதைக் கண்டது என்று தேடுவதுதான் ரிப்பேர், வாயை அடைத்து ஓட்டுவது ரிப்பேர் இல்லை.

மகன் கோட்டு, பூட்ஸ் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வெளியே போய்ச் சுவரைச் சுற்றி வரட்டும். புது ஃபர்னஸ்கள் பழையது மாதிரி கூரைப் புகைபோக்கி வழியாக விடுவதில்லை, இரண்டு வெள்ளைப் பிளாஸ்டிக் குழாய்கள் பக்கச் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று காற்றை உள்ளே இழுக்க, மற்றது புகையை வெளியே விட. கேஸின் சூட்டில் 90 விழுக்காட்டுக்கு மேல் பிடித்துக்கொள்வதால் வெளியே வருகிற புகையே ஆறிப்போயிருக்கும், அதனால்தான் பிளாஸ்டிக் குழாய் போதுமாக இருக்கிறது. புயலில் பனி இந்தக் குழாய் வாய்வரைக்கும் குவிந்துவிடும். கையாலோ பிளாஸ்டிக் வாளியாலோ அள்ளி, இரண்டு வாயையும் சுற்றித் தாராளமாக இடம் விட்டால் போதும். மண்வெட்டியால் குழாயையே உடைத்தவர்களும் உண்டு. குழாய் வாயில் பனிக்கட்டி வளையம் கட்டியிருந்தால் அதையும் மெல்லத் தட்டி எடுக்க வேண்டும்.

வெளியே சுத்தமாக இருந்தால் உள்ளே பார்க்க வேண்டும். இந்த வகை ஃபர்னஸில் புகையிலிருந்து தண்ணீர் சொட்டும், அது ஒரு மெல்லிய குழாய் வழியாகத் தரைச் சாக்கடைக்குப் போகும். அந்தக் குழாய் மடங்கியோ அழுக்கு அடைத்தோ, குளிரான இடத்தில் உறைந்தோ இருந்தால் தண்ணீர் தேங்கி, பிரஷர் சுவிட்ச் மறுபடி மறுத்துவிடும்.

விளக்கு மினுக்குவதை எத்தனை முறை என்று எண்ணச் சொல்லுங்கள். கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிற தாளில் எத்தனை மினுக்கலுக்கு என்ன அர்த்தம் என்று பட்டியல் இருக்கும். மின்சாரத்தை அணைத்துப் போடுவதற்கு முன்னால் ஹெண்ட்போனில் அதை வீடியோ எடுத்துக்கொள்வது நல்லது, அணைத்தால் சில மாடல்களில் அந்தக் கணக்கு அழிந்துவிடும். டெக்னிஷியன் வந்தால் அந்த வீடியோ அவருக்கு அரை மணி நேரத்தை மிச்சம் பண்ணும்.

*

கேள்வி: மகன் சஸ்கட்டூனில் நாலு பையன்களோடு வாடகை வீட்டில் படிக்கிறான். மேல்மாடியில் ஒரு அலாரம் கத்திக்கொண்டே இருந்ததாம், தூங்க முடியவில்லை என்று பேட்டரியைக் கழற்றி டிராயரில் போட்டுவிட்டார்களாம். சிரித்துக்கொண்டே சொன்னான், எனக்கு வயிறு கலங்கியது.
– ஒரு அப்பா, சுங்கை சிப்புட்

பதில்: கலங்கியது நியாயம்தான் அண்ணே. இப்போதே கூப்பிட்டு எப்படிக் கத்தியது என்று கேளுங்கள். அரை நிமிஷத்துக்கோ ஒரு நிமிஷத்துக்கோ ஒரு தடவை "கீச்" என்றால் பேட்டரி தீர்ந்தது, அல்லது அலாரமே வயதாகிவிட்டது. கார்பன் மோனாக்சைடு அலாரம் பொதுவாக ஏழிலிருந்து பத்து வருடம்தான் உழைக்கும், பின்பக்கத்தில் தேதி போட்டிருக்கும். ஆனால் வேகமாக நாலு பீப், கொஞ்சம் இடைவெளி, மறுபடி நாலு பீப் என்றால் அது நிஜமான எச்சரிக்கை. புகை அலாரம் மூன்று மூன்றாகக் கத்தும்.

நாலு பீப் கேட்டால் எல்லோரும் போட்டிருக்கிற உடையோடு ஒரு ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய், 911 கூப்பிட வேண்டும். தீயணைப்புப் படை அளவெடுத்துச் சொல்லும்வரை உள்ளே போகக் கூடாது. தலைவலி, குமட்டல், மயக்கம், காய்ச்சல் வருகிற மாதிரி உடம்பு அசதி, வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில், வெளியே போனால் சரியாகி வீட்டுக்கு வந்தால் மறுபடி என்றால் அது சளிக்காய்ச்சல் இல்லை. தூக்கத்தில் இருக்கிறவனுக்கு இந்த அறிகுறிகூடத் தெரியாது, அதனால்தான் படுக்கை அறைக்குப் பக்கத்தில் அலாரம் வைக்கச் சொல்கிறார்கள்.

அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அது வேறு சங்கதி. எரியாத கேஸ் கசிகிறது. கேஸுக்கு இயற்கையில் மணம் கிடையாது, கசிந்தால் தெரியட்டும் என்று கம்பெனிக்காரர்கள் சேர்க்கிற நாற்றம் அது. விளக்குச் சுவிட்சைத் தொடாமல், வீட்டுக்குள் நின்று போன் செய்யாமல், நேராக வெளியே போய்க் கூப்பிட வேண்டும். குளிர்காலம் தொடங்கி முதல் முறை போடும்போது தூசி கருகுகிற வாசம் வருவது சகஜம், ஒன்றிரண்டு மணி நேரத்தில் போய்விடும். பிளாஸ்டிக் கருகும் வாசம் வந்தால் உடனே அணைக்க வேண்டும்.

வீட்டுக்காரர் அலாரம் வாங்கித் தரவில்லை என்றால் நீங்கள் பணம் அனுப்பி வாங்கச் சொல்லுங்கள், சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

*

கேள்வி: நோவா ஸ்கோஷாவில் அக்கா வீட்டில் கேஸ் இல்லை, எண்ணெயில் ஓடுகிற ஃபர்னஸ். நின்றால் ரீசெட் பட்டனை அமுக்கினால் ஓடுகிறது. இப்போது நாலைந்து தடவை அமுக்கினால்தான் ஓடுகிறதாம்.
– தங்கை, பீடோர்

பதில்: அமுக்குவதை நிறுத்தச் சொல்லுங்கள். ஒரு தடவை, அதற்கு மேல் கிடையாது. ஒவ்வொரு அமுக்கலுக்கும் எரியாத எண்ணெய் உள்ளே பீய்ச்சி அடித்துத் தேங்கும். கடைசியில் பிடிக்கும்போது தேங்கியது எல்லாம் சேர்ந்து பிடித்துக் கதவே பறக்கலாம். டாங்கியில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டியதுதான். டாங்கி ஒருமுறை காலியாகி நிரப்பியிருந்தால் குழாயில் காற்று மாட்டியிருக்கும், அதை எடுத்துவிட வேண்டும்.

*

கேள்வி: மகள் லீட்ஸில் தாதியாக வேலை செய்கிறாள். அங்கே ஃபர்னஸ் இல்லையாம், சமையலறைச் சுவரில் பாய்லர். உறைபனி விழுந்த காலையில் களக் களக் என்று சத்தம் போட்டுவிட்டு நின்றுவிட்டது.
– அம்மா, தாப்பா

பதில்: இங்கிலாந்தில் காற்றுக்குப் பதில் தண்ணீரைச் சூடாக்கி ரேடியேட்டர்களில் ஓடவிடுவார்கள். கொப்பளிக்கிற சத்தமும் உறைபனிக் காலையும் சேர்ந்து வந்தால் வெளிச்சுவரில் இறங்குகிற மெல்லிய பிளாஸ்டிக் வடிகுழாய் உறைந்திருக்கும். அதன்மேல் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றினால் இளகும். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், குழாய் வெடிக்கும், கீழே வழிந்தது உறைந்து அவளே வழுக்கி விழுவாள். இளகியதும் ஒருமுறை ரீசெட். அப்படியும் வராவிட்டால் பாய்லரின் கீழே இருக்கிற அழுத்தமானியைப் பார்க்கட்டும், ஆறியிருக்கும்போது ஒன்றிலிருந்து ஒன்றரை பார் இருக்க வேண்டும். உள்ளே திறந்து பார்க்க, கேஸ் வேலைக்காரர்களுக்கான அந்த நாட்டுப் பதிவேடான கேஸ் சேஃபில் பதிவு உள்ள ஆள்தான் வர வேண்டும், அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. கேஸ் நாற்றம் அடித்தால் அந்த நாட்டு அவசர எண் 0800 111 999.

*

கேள்வி: பதினெட்டு வருட ஃபர்னஸ். சர்வீஸுக்கு வந்தவர் ஹீட் எக்ஸ்சேஞ்சர் விரிசல் என்று சொல்லி, சிவப்பு அட்டை மாட்டி, கேஸை மூடிவிட்டுப் போய்விட்டார். புதிது மாட்டும் விலையைக் கேட்டால் மயக்கம் வருகிறது. ஏமாற்றுகிறாரா?
– கல்கரியிலிருக்கும் நம் ஊர்ப் பையன்

பதில்: தம்பி, இரண்டும் நடக்கும். நெருப்புப் புகையையும் வீட்டுக் காற்றையும் பிரிக்கிற உலோகச் சுவர்தான் ஹீட் எக்ஸ்சேஞ்சர். அந்த விரிசல் உண்மையென்றால் எரிந்த புகை வீட்டுக் காற்றோடு கலக்கும், அதை ஓட்டவே கூடாது, அட்டை மாட்டியது அவர் கடமை. ஆனால் அந்த விரிசலை உனக்குக் காட்டவும் வேண்டும். கேமராவில் எடுத்த படத்தைக் கேள், எந்த இடம் என்று கேள். படம் தராமல் "இன்றைக்கே கையெழுத்துப் போட்டால் விலைக்கழிவு" என்று பேசினால் இன்னொரு கம்பெனியைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல். அதுவரை அட்டையை நீயே பிய்த்து ஓட்டாதே. நெருப்பு நீலமாக நிலையாக எரியாமல் மஞ்சளாக ஆடியது, புளோவர் ஓடத் தொடங்கியதும் சுடர் அலைந்தது என்று நீயே பார்த்திருந்தால் எனக்குச் சந்தேகமே இல்லை, அவர் சொன்னது சரி.

பதினெட்டு வயது என்றால் ஆயுசின் கடைசிப் பகுதி. பதினைந்திலிருந்து இருபது வருடம்தான் பொதுவாக உழைக்கும். கனடாவில் 2019-லிருந்து புதிதாக வருகிற கேஸ் ஃபர்னஸ் குறைந்தது 95 விழுக்காடு திறன் உள்ளதாக இருக்க வேண்டும், ஆகவே பில் கொஞ்சம் இறங்கும். வாங்கும்போது பெரிது நல்லது என்று ஏற்றி வாங்காதே. வீட்டுக்கு மேல் பெரிய ஃபர்னஸ் சட்டென்று சூடாக்கி நின்று, மறுபடி ஓடி, மறுபடி நின்று, அதிலேயே தேய்ந்துபோகும். வீட்டின் சூட்டு இழப்பைக் கணக்குப் போட்டுக் காட்டுகிறவரிடம் வாங்கு. பழைய ஃபர்னஸின் அளவைப் பார்த்து அதே அளவைச் சொல்கிறவர் கணக்கு போடவில்லை என்று அர்த்தம்.

*

கேள்வி: தைப்பூசத்துக்கு மகன் குடும்பத்தோடு மூன்று வாரம் வருகிறான். ஆள் இல்லாத வீட்டுக்கு எதற்குச் சூடு, ஃபர்னஸை அணைத்துவிட்டு வருகிறேன் என்கிறான். வீடு ரெஜைனாவில்.
– தாத்தா, சுங்கை சிப்புட்

பதில்: ஐயா, சூடு ஆளுக்கு மட்டுமில்லை, சுவருக்குள் ஓடுகிற தண்ணீர்க் குழாய்க்கும்தான். உறைந்தால் தண்ணீர் விரிந்து குழாய் வெடிக்கும், இளகும்போது வீடே குளமாகும். 15 பாகைக்குக் குறைத்து வைத்துவிட்டு வரட்டும், 13-க்குக் கீழே வேண்டாம். புது ஃபில்டர் போட்டு, தெர்மோஸ்டாட் பேட்டரியை மாற்றிவிட்டு வரட்டும். பேட்டரி தீர்ந்து ஃபர்னஸ் நின்ற வீடுகள் நிறைய.

இவன் இங்கே காவடி எடுத்துக்கொண்டிருக்கும்போது அங்கே ஃபர்னஸ் நின்றால் யாருக்கும் தெரியாது, ஆகவே பக்கத்து வீட்டில் ஒரு சாவியைக் கொடுத்து அடிக்கடி உள்ளே போய்ப் பார்க்கச் சொல்ல வேண்டும். வீட்டுக் காப்புறுதியில் பல கம்பெனிகள் குளிர்காலத்தில் ஆள் வந்து பார்த்திருந்தால்தான் குழாய் வெடிப்புக்குப் பணம் தருகின்றன, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று பத்திரத்தில் போட்டிருக்கும். கிளம்புகிற அன்று பேஸ்மென்டில் தண்ணீர் மீட்டர் பக்கத்தில் இருக்கிற தண்ணீர் மெயின் வால்வை மூடிவிட்டு, மேல்மாடிக் குழாய் ஒன்றையும் கீழ்க் குழாய் ஒன்றையும் திறந்து இருக்கிற தண்ணீரை வடிய விடட்டும். தண்ணீரைச் சுடவைக்கிற டாங்கியை வெக்கேஷன் நிலையில் வைக்கட்டும். ஃபர்னஸோடு தண்ணீரில் ஓடுகிற ஹியூமிடிஃபையர் இருந்தால் அதையும் அணைக்க வேண்டும். திரும்பிப் போனதும் வால்வை ஒரேயடியாகத் திறக்காமல் மெல்லத் திறந்து, எல்லாக் குழாயிலும் காற்று போனபிறகு மூடட்டும்.